ஒரு கேள்விக்காவது ஆமாம்

எங்க வீட்டுக்காரரைப் போதை ஊசிக்காரர்னு கவர்மெண்டு கணக்குல ஏத்தினது வேற யாரும் இல்ல, நான்தான். சொல்றதுக்கு எனக்குக் கூச்சமே கிடையாது. இன்னொரு தடவை அந்த நிலைமை வந்தாலும் அதைத்தான் செய்வேன், இன்னும் கொஞ்சம் சத்தமா செய்வேன்.

அந்த மனுஷனைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார். பொய் அவர் வாயில வராது, வந்தாலும் திக்கும். எங்களுக்குக் கல்யாணம் பேசினப்ப என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தையே, "போட்டோவுல இன்னும் கொஞ்சம் நல்லா இருந்தீங்க." எங்கப்பா சிரிப்பை அடக்க முடியாம எழுந்து உள்ள போயிட்டாரு. நான் பஸ் ஸ்டாண்டு டிக்கெட் கவுண்டர்ல உட்கார்ந்து நாள் முழுக்கக் கத்துறவ. ஆயிரம் பேர் ஆயிரம் பொய் சொல்லிச் சில்லறை கேட்பாங்க. வீட்டுலயாவது பொய் சொல்லாத ஒரு ஆள் இருக்கட்டுமேன்னு தலையாட்டிட்டேன். அதுக்கப்புறம் வாழ்நாள் பூரா என் சமையல்ல உப்பு எவ்வளவு கம்மின்னு துல்லியமா கேட்டுக்கிட்டு இருக்கேன்.

அந்த ஆளுக்கு ஒரு வருஷமா அசதி. நாலு படி ஏறினா பாதியில உட்கார்ந்துக்கிட்டு, படியெல்லாம் ஒரே உயரமா கட்டலன்னு கொத்தனாரைத் திட்டுவாரு. சாப்பாட்டைக் கண்டா முகம் சுளிப்பாரு. உப்பு கம்மின்னு குறை சொல்றதைக்கூட நிறுத்திட்டாரு. அப்பதான் எனக்குப் பயம் வந்துச்சு. இழுத்துக்கிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்க ஈரல் டாக்டரம்மா வயித்துல ஜெல்லைத் தடவி மெஷினை ஓட்டிப் பார்த்தாங்க. "ஈரல்ல தழும்பு விழ ஆரம்பிச்சிருக்கு. ஹெபடைடிஸ் சி-யா இருக்கும்னு நினைக்கிறேன். இருந்தா மூணு மாசம் மாத்திரை. அனேகமா எல்லாருக்கும் குணமாயிடும். விட்டுட்டா ஈரல் சுருங்கிடும், அப்புறம் நானும் கையை விரிக்க வேண்டியதுதான்" அப்படின்னாங்க. டெஸ்டும் மாத்திரையும் கவர்மெண்டு மையத்துல மட்டும்தான் கிடைக்குமாம். கடையில கிடைக்காது.

"இது எப்படிம்மா இவருக்கு வந்துச்சு? சிகரெட்டைக்கூடத் தொட மாட்டாரே"ன்னு கேட்டேன்.

"ரத்தத்துல பரவுற கிருமிம்மா. கிருமி ஒண்ணுதான், ஆனா ஒவ்வொரு நாட்டுலயும் ஒவ்வொரு வாசல் வழியா வரும். சில நாட்டுல போதை ஊசியை மாத்தி மாத்திப் போட்டுக்கிற இளவட்டத்துக்கு வருது. சில நாட்டுல ஆஸ்பத்திரி ஊசியிலயும், ஏத்தின ரத்தத்துலயும் வந்து, ஒரு தலைமுறையே வயசான காலத்துல படுத்துடுது. நம்ம வாசல் எதுன்னு இன்னும் யாரும் எட்டிப் பார்க்கல. ஊசி நிறைய போட்டிருக்கீங்களா?"

"எல்லாரும் போட்டுக்கிற மாதிரிதான்"னேன்.

அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. பார்க்க மாட்டாங்களா பின்ன? எங்க ஏரியாவுல எல்லாரும் போட்டுக்கிறதுன்னா அது கொஞ்ச நஞ்சம் இல்ல. எங்களுக்குக் கைராசி டாக்டர் இருக்காரு. சளின்னு போனாலும் ஊசி, சோம்பல்னு போனாலும் ஊசி, பரீட்சைக்குப் போற பிள்ளைக்குத் தெம்பு ஊசி, கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளைக்குத் தெம்பு ஊசி. ஊசி போடாம மாத்திரை மட்டும் கொடுத்தா, டாக்டருக்கு நம்ம மேல ஏதோ வருத்தம்னு வீட்டுக்கு வந்து யோசிப்போம். தங்கமான மனுஷன். கூப்பிட்ட நேரத்துக்கு வருவாரு. சுத்தத்துல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஒவ்வொரு ஆளுக்கும் நம்ம கண்ணு முன்னாடியே காகிதத்தைக் கிழிச்சுப் புது முனை எடுத்து மாட்டுவாரு. அந்த முனைக்குப் பின்னாடி இருக்கிற குழாய் மட்டும் காலையில இருந்து அதேதான். குழாய் உடம்புக்குள்ள போகலையே, அதை எதுக்கு மாத்தணும்னு அவரும் நினைச்சாரு, நாங்களும் நினைச்சோம். மேஜை மேல ஒரு பெரிய சத்து மருந்து பாட்டில். அதுல விடுவாரு, உறிஞ்சுவாரு, குத்துவாரு, அடுத்த ஆள்.

சரி, டெஸ்டுக்கு வர்றேன். அந்த மையத்துக்கு அதிகாரி யாருன்னா, என் தங்கச்சி வீட்டுக்காரர். எங்க வீட்டுக்காரருக்குச் சகலை. நான் அவருக்கு வச்ச பேரு புள்ளிவிவரம். அவர் ரூம் சுவர் பூரா ஒரு உலக வரைபடம். எந்த நாட்டுல நோய் ஜாஸ்தியோ அதுக்குச் சிவப்பு. பக்கத்து நாடு தக்காளி மாதிரி சிவந்து கிடக்கு. நம்ம நாடு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை.

"பார்த்தீங்களாக்கா? அவங்களுக்கு நூத்துக்கு அஞ்சு பேர். நமக்கு லட்சத்துக்கு ஒருத்தர்கூட இல்ல"ன்னு அந்த வெள்ளையைத் தடவிக் காட்டினாரு.

"எத்தனை பேருக்கு டெஸ்ட் பண்ணீங்க?"

"தகுதி இருக்கிறவங்களுக்கு மட்டும்தான்."

விளக்கையே போடாம, எங்க வீட்டுல கரப்பான் இல்லன்னு சொல்ற கதைதான். தகுதின்னா என்னான்னு கேட்டேன். அஞ்சு கேள்வி இருக்காம். ஒண்ணுக்காவது ஆமாம்னு சொன்னாத்தான் விரல்ல குத்தி டெஸ்ட் பண்ணுவாங்களாம். ரொம்பப் பணக்கார நாட்டுல நிபுணர்கள் உட்கார்ந்து தயாரிச்ச கேள்வியாம், ஒரு வார்த்தை மாத்தாம அப்படியே வாங்கிட்டு வந்தாங்களாம். அதைச் சொல்றப்ப மனுஷனுக்குப் பெருமை தாங்கல.

கவுண்டர்ல இருந்த நர்ஸ் எங்க வீட்டுக்காரரைப் பார்த்து ஒவ்வொண்ணா படிச்சா. போதை ஊசி போட்டதுண்டா? மூக்கால போதைப்பொடி உறிஞ்சினதுண்டா? உடம்புல பச்சை குத்தினதுண்டா? காது மூக்கு தவிர வேற இடத்துல வளையம் மாட்டினதுண்டா? ஜெயில்ல இருந்ததுண்டா? அறுபத்திரெண்டு வயசு மனுஷன், சட்டைக் கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கிட்டு, ஒவ்வொண்ணுக்கும் நல்லா யோசிச்சு, "இல்லம்மா", "இல்லம்மா"ன்னு சொல்லிக்கிட்டு வர்றாரு. வளையத்துக்கு மட்டும், "வேற எந்த இடம்?"னு சந்தேகம் கேட்டாரு. அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"அப்ப உங்களுக்கு இந்த நோய் வர வாய்ப்பில்ல சார். போயிட்டு வாங்க."

"அது வந்துடுச்சேம்மா"ன்னாரு இவரு.

"வாய்ப்பில்லாதவங்களுக்கு வந்தா அது கணக்குல சேராது சார்."

எனக்கு எங்கிருந்து வந்துச்சோ ஆத்திரம். கவுண்டர்ல ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். "முதல் கேள்விக்கு ஆமாம்னு எழுதும்மா. இருபது வருஷமா போட்டுக்கிறாரு. வீட்டு மானம் போயிடும்னு மறைக்கிறாரு. கையெழுத்துப் போடுங்க!"ன்னேன். பஸ் ஸ்டாண்டு குரல். வரிசையில இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. எங்க வீட்டுக்காரர் வாய் திறக்குது, மூடுது, சத்தமே வரல. பேனாவைக் கையில திணிச்சேன். பழக்க தோஷத்துல கையெழுத்தைப் போட்டுட்டு, அப்புறம்தான் போட்டதைப் பார்த்தாரு. அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கல.

டெஸ்ட்ல நோய் இருந்துச்சு. உறுதி பண்ற டெஸ்ட்டுலயும் இருந்துச்சு. மாத்திரை கிடைச்சுது. ரெண்டே வாரத்துல மனுஷன் படியில உட்காராம மாடிக்குப் போனாரு. உப்பு கம்மின்னாரு. நான் அடுப்படியில நின்னு அழுதேன், சந்தோஷத்துல.

நல்ல சேதி காத்துல போகுமே. அதே அசதி, அதே வயித்து உப்புசம் எங்க தெருவுல பாதிப் பேருக்கு இருந்துச்சு. ரிட்டயர் ஆன போஸ்ட் மாஸ்டர் வந்தாரு, லைப்ரரி அம்மா வந்தாங்க, பேக்கரிக்காரரும் சம்சாரமும் ஜோடியா வந்தாங்க. எல்லாருக்கும் நான்தான் டியூஷன். "வாயைத் திறந்து ஆமாம்னு சொல்லுங்க, போதும்"னேன். போஸ்ட் மாஸ்டர் மட்டும் கௌரவம் பார்த்து, ஊசி வேணாம், பச்சை குத்தினேன்னு சொல்றேன்னாரு. எங்க, காட்டுங்கன்னு நர்ஸ் கேட்டதும், போதை ஊசிக்கே வந்துட்டாரு. டெஸ்ட் பண்ணின அத்தனை பேருக்கும் நோய் இருந்துச்சு. ஒரே மாசத்துல புள்ளிவிவரத்தோட வெள்ளை வரைபடத்துல எங்க ஏரியா மட்டும் செக்கச்செவேல்னு ஆயிடுச்சு.

சும்மா மாத்திரை கொடுத்துட்டா அது கவர்மெண்டா? போதைப் பழக்கம் இருக்கிறவங்க வாராவாரம் மனம் திறக்கும் கூட்டத்துக்கு வந்து, எப்படிக் கெட்டுப் போனேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும், அப்பதான் அடுத்த வார மாத்திரைன்னு சட்டம் போட்டாங்க. வட்டமா நாற்காலி போட்டு நடுவுல ஒரு ஆலோசகர் பொண்ணு. கூடவே குடும்பத்துல ஒருத்தர் உட்காரலாம்னு என்னையும் விட்டாங்க.

அந்த வட்டத்துல நிஜமாவே போதை ஊசி போடற ஆள் ஒரே ஒருத்தன்தான் இருந்தான். எலக்ட்ரீஷியன். எங்க எல்லார் வீட்டு ஃபேனும் அவன் மாட்டினதுதான். பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது, கரண்டுன்னாத்தான் தெரியும். பழக்கத்தை விடணும்னு தானா வந்து சேர்ந்தவன். எங்களையெல்லாம் பார்த்ததும் அவனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "பெரியவங்க நீங்களுமா? நான் ஒருத்தன்தான் பாவின்னு நினைச்சேனே"ன்னான்.

முதல்ல லைப்ரரி அம்மாவை எழுப்பினாங்க. அவங்க கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு, "காலையில ஒரு ஸ்பூன், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு ஸ்பூன் போட்டுக்குவேன். நல்லா தூக்கம் வரும்"னாங்க. கரண்டு தலையில கை வச்சுக்கிட்டான். கூட்டம் முடிஞ்சதும் எங்களை ஓரமா கூட்டிக்கிட்டுப் போய், "என்னம்மா இது, மானத்தை வாங்கறீங்க. போதைன்னா இருமல் டானிக்கா?"ன்னான். நான் நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சான். சிரிச்சுட்டு, பாவம், எங்களுக்காக ஒவ்வொண்ணா சொல்லிக் கொடுத்தான். எங்க வாங்கறது, எப்படிக் காய்ச்சறது, பழைய மரக்கிடங்குக்குப் பின்னாடி எப்படிக் கூடுறது, கை எப்படி நடுங்கும். அடுத்த வாரத்துல இருந்து போஸ்ட் மாஸ்டர் சொல்ற கதையைக் கேட்டு ஆலோசகர் பொண்ணு மூக்கைச் சிந்தினா.

எங்க வீட்டுக்காரர் மட்டும் வாராவாரம் எழுந்து நின்னு, "எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லம்மா"ன்னு சொல்லிட்டு உட்காருவாரு. "பார்த்தீங்களா, மறுக்கிறாரு. இருக்கிறதுலயே முத்தின கேஸ் இவர்தான்"னு அந்தப் பொண்ணு என்கிட்ட ஆறுதல் சொன்னா.

இதெல்லாம் ஒரு நாளைக்கு வெடிக்கும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். புள்ளிவிவரம் எல்லா வாக்குமூலத்தையும் ஒண்ணா வச்சுப் பார்த்திருக்காரு. எல்லாப் பெரியவங்களும் ஒரே மரக்கிடங்குக்குப் பின்னாடி, ஒரே ஆள்கூட, கரண்டுகூட, ஊசி போட்டிருக்காங்க! உலகத்துலயே பென்ஷன் வாங்கறவங்க போதை ஊசியால நோய் வாங்கற ஒரே நாடு நம்மதுன்னு அறிக்கை எழுதினாரு. வெளிநாட்டு மாநாட்டுல இருந்து அழைப்பு வந்துச்சு. புது சூட் தைக்கக் கொடுத்தாரு. அதே வாரம் போலீஸ் மரக்கிடங்கைச் சுத்தி வளைச்சு, கரண்டை அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு. ஊருக்கே நோய் பரப்பினான்னு கேஸ்.

இதுல கூத்து என்னன்னா, கரண்டுக்கு நோயே இல்ல. சேர்ந்தப்பவே டெஸ்ட் பண்ணியிருக்காங்க. அவன் எப்பவும் தனக்குன்னு புது ஊசி, புதுக் குழாய், எல்லாமே தனியா வச்சுக்குவானாம். கரண்டுல வேலை செய்யறவன், பயந்த சுபாவம். புள்ளிவிவரத்துகிட்ட போய், "நோயே இல்லாதவன் எப்படிய்யா பரப்புவான்?"னு கேட்டேன்.

"இருந்ததை எல்லாம் இவங்களுக்குக் கொடுத்துட்டான்க்கா. அதான் அவன்கிட்ட மிச்சம் இல்ல"ன்னாரு, முகத்துல ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லாம.

"நோய் என்ன இரவல் கொடுத்த சர்க்கரையா, தீர்ந்து போறதுக்கு?"ன்னு கத்திட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தா, இவர் சட்டையை மாட்டிக்கிட்டு நிக்கறாரு. கரண்டு கேசுக்கு விசாரணை நடக்குது, போய் உண்மையைச் சொல்லப் போறேன்னாரு.

"பாதி மாத்திரைதான் ஆயிருக்கு. நடுவுல நிறுத்தினா கிருமி திரும்ப வந்துடும்னு டாக்டரம்மா சொன்னது காதுல விழலையா?"

"அந்தப் பையன் உள்ள இருக்கான். என் கையெழுத்துல."

"உங்க கையெழுத்து மட்டுமா? தெருவே போட்டிருக்கு. அவங்க யாராவது போகட்டும்."

"மாத்திரை தொண்டையில நிக்குதும்மா. தண்ணி குடிச்சாலும் இறங்கல."

என்னால அடக்க முடியல. "உண்மையைச் சொல்லிட்டு நீங்க நிம்மதியா போய்ச் சேர்ந்துடுவீங்க. அப்புறம் நான் யார்கூடய்யா சண்டை போடறது?"ன்னு கேட்டேன். கேட்டுட்டு அங்கயே உட்கார்ந்துட்டேன். அவரு வந்து என் பக்கத்துல உட்கார்ந்தாரு. அப்புறம் செருப்பை மாட்டினாரு. நானும் பின்னாடியே போனேன், வேற என்ன செய்ய?

விசாரணைக் கூடத்துல தெருவே உட்கார்ந்திருக்கு. மேடையில தலைவர் நாற்காலியில யாருன்னு நினைக்கிறீங்க? கைராசி டாக்டர். ஏரியா மக்கள் நம்பிக்கை வச்ச ஒரே மனுஷன்னு கவர்மெண்டே கூப்பிட்டு உட்கார வச்சிருக்கு. பக்கத்துல புள்ளிவிவரம்.

இவர் எழுந்து, வகுப்புல கணக்குப் போடற மாதிரி சொன்னாரு. "நான் போதை ஊசி போட்டதே இல்ல. அந்த எலக்ட்ரீஷியன் எனக்கு ஃபேன் மாட்டியிருக்கான், அவ்வளவுதான். எனக்கு ஊசி போட்டது டாக்டர் நீங்கதான். இங்க இருக்கிற எல்லாருக்கும் நீங்கதான்."

டாக்டர் முகம் சுருங்கிப் போச்சு. கோபம் இல்ல, அடிபட்ட முகம். "ஒவ்வொருத்தருக்கும் முனையை மாத்தறேனே வாத்தியாரே. நீங்களே பார்த்திருக்கீங்களே."

"முனையை மாத்தினீங்க டாக்டர். குழாயை மாத்தல. அதே குழாயை அதே பாட்டில்ல விட்டு விட்டு உறிஞ்சினீங்க. ஒருத்தர் ரத்தத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு சொட்டு குழாய்க்குள்ள வந்தாப் போதும், அன்னிக்கு வரிசையில நின்ன எல்லாருக்கும் அது போயிருக்கும்."

இப்ப ஒவ்வொருத்தரா எழுந்து, ஆமாம், எங்களுக்கும் அப்படித்தான்னு சொல்லப் போறாங்கன்னு நான் நினைச்சேன். சத்தியமா நினைச்சேன். போஸ்ட் மாஸ்டர் எழுந்தாரு.

"நன்றி கெட்ட மனுஷன்! உங்க பிள்ளைக்கு ஜுரம் வந்தப்ப கொட்டற மழையில வந்தவரைப் பார்த்தா பேசறீங்க? எனக்கு வந்தது போதை ஊசியிலதான். எழுதிக்கோங்க! டாக்டரைச் சொல்லாதீங்க."

"எனக்கும் போதை ஊசிதான்"னு பேக்கரிக்காரர் எழுந்தாரு. லைப்ரரி அம்மா அழுதுக்கிட்டே, "மரக்கிடங்குக்குப் பின்னாடி"ன்னாங்க. வாழ்நாள்ல ஒரு பீடியைத் தொடாத ஜனம், கைராசியைக் காப்பாத்த ஒண்ணா நின்னு நாங்க போதைக்காரங்கன்னு சத்தியம் பண்ணுது. நான் அந்தக் கூட்டத்தைப் பார்த்துக் காறித் துப்பாத குறை. ஆனா டாக்டர் அந்த நேரம் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தப்ப எனக்கே அவரைத் திட்ட வாய் வரல. அவ்வளவு நல்ல மனுஷன், என்ன பண்றது?

ஒரு வாக்குமூலம் உடைஞ்சாலும் கேஸ் நிக்காதுன்னு கவர்மெண்டு வக்கீலே சொன்னதால கரண்டை விட்டுட்டாங்க. கையோட எங்க வீட்டுக்காரர் மாத்திரையையும் நிறுத்திட்டாங்க. "அவருக்கு நோய் இருக்கு, காரணம் இல்ல. காரணம் இல்லாத நோய்க்கு மாத்திரை கொடுக்க விதி இல்லக்கா"ன்னாரு புள்ளிவிவரம்.

மறுநாள் காலையிலயே தங்கச்சி வீட்டுக்குப் போய் அந்த ஆள் சவரம் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே பிடிச்சேன். தங்கச்சி என் பக்கம் நின்னு முறைச்சா. நுரை முகத்தோட அவரு முனகினாரு. "அஞ்சுல ஒண்ணுக்காவது நிஜமாவே ஆமாம்னு வரணும்க்கா. நான் என்ன செய்ய?"

"இன்னிக்கே பச்சை குத்திக்கிட்டா?"

"நோய்க்கு முன்னாடி குத்தியிருக்கணும். அது தேதியோட கேட்கும்."

"ஜெயில்?"

அவரு பிளேடை நிறுத்திட்டு யோசிச்சாரு. "கேள்வி எழுதின அந்த நாட்டுக்காரங்க அதுல தேதி கேட்கல. இருந்ததுண்டான்னு மட்டும்தான் இருக்கு."

"பொய் வாக்குமூலம் கொடுத்தாரே, பிடிச்சு உள்ள போடுங்க."

"டிபார்ட்மெண்டு போடாது, எங்க மானம் போயிடும். வேற யாராவது புகார் கொடுத்தா…"

மிச்சத்தைக் கேட்க நான் அங்க நிக்கல.

ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் என்னை உட்கார வச்சுத் தண்ணி கொடுத்தாரு. "யாரு மேலம்மா புகார்?"

"என் புருஷன் மேல. கவர்மெண்டுகிட்ட பொய்க் கையெழுத்துப் போட்டாரு. உடனே உள்ள போடுங்க."

"அடிச்சாராம்மா?"

"அவரா? கொசுவை அடிச்சாலே வருத்தப்படுவாரு. பேச்சை மாத்தாதீங்க, உள்ள போடுங்க."

எங்க வீட்டுக்காரர் ஒரு பையில பிரஷும் துண்டும் எடுத்துக்கிட்டுப் பின்னாடியே வந்திருந்தாரு. "புகார் சரிதாங்க. பொய் சொன்னது இவ, ஆனா கையெழுத்து என்னோடது"ன்னு சந்தோஷமா சொன்னாரு. ரெண்டு மாசத்துல அந்த முகத்துல அப்படி ஒரு நிம்மதியை நான் பார்க்கல. இன்ஸ்பெக்டர் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துட்டு, பெரியவரே, தப்பா எடுத்துக்காதீங்கன்னு சொல்லி லாக்கப் கதவைத் திறந்துவிட்டாரு.

அடுத்த நாள் காலையில புள்ளிவிவரமே கையெழுத்துப் போட்டு மாத்திரை அட்டையை என்கிட்ட கொடுத்துட்டாரு. அஞ்சாவது கேள்விக்கு ஆமாம். இந்த நாட்டுல அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லி மாத்திரை வாங்கின முதல் ஆள் எங்க வீட்டுக்காரர்தான். ஒரு கையில மாத்திரை, ஒரு கையில சாப்பாட்டுக் கேரியர், ஸ்டேஷனுக்குப் பறந்தேன்.

லாக்கப்புக்குள்ள மூணு பேர் வரிசையா நிக்கறாங்க. முன்னாடி ஒரு பிக்பாக்கெட், நடுவுல ஒரு குடிகாரன், கடைசியில எங்க வீட்டுக்காரர். வரிசைக்கு எதிர்ல ஸ்டூல் போட்டுக் கைராசி டாக்டர். பக்கத்துல பெரிய பாட்டில். நோய் பரவுதுன்னு கவர்மெண்டு புது உத்தரவு போட்டிருக்காம்: உள்ள வர்ற எல்லாருக்கும் போதை இறங்கறதுக்குச் சத்து ஊசி. பிக்பாக்கெட்டுக்குக் குத்தி முடிச்சு, பஞ்சை வச்சுத் தேய்க்கச் சொன்னாரு. காகிதத்தைக் கிழிச்சாரு. புது முனை. காலையில கிளினிக்குல எடுத்த அதே குழாய்.

"டாக்டர்!"னு நான் போட்ட சத்தத்துல ரோட்டுல போற பஸ்ஸே நின்னிருக்கும்.

எனக்கு முன்னாடி இவரு பேசிட்டாரு. சட்டைக் கையை மடிச்சு வச்சிருந்தவர், மெதுவா இறக்கிவிட்டாரு. "எனக்கு வேண்டாம் டாக்டர். இந்த ஆளுக்கும் வேண்டாம்"னு குடிகாரன் தோள்ல கை போட்டுப் பின்னாடி இழுத்துக்கிட்டாரு.

டாக்டர் ஊசியோட கையை நீட்டினாரு. "வாத்தியாரே, ஒரே ஒரு ஊசி. என் மேல நம்பிக்கை இன்னும் இருக்குன்னு என் மனசுக்காக."

"உங்க மனசுக்காகத்தான் டாக்டர் இத்தனை வருஷம் போட்டுக்கிட்டேன்."

இன்ஸ்பெக்டர் சங்கடமா நெளிஞ்சாரு. அரசு வேலையைத் தடுத்தா இன்னும் பதினஞ்சு நாள் உள்ள இருக்கணும் பெரியவரேன்னாரு. "இருக்கட்டும், மாத்திரையைத் தினமும் இங்கயே கொண்டு வர்றேன்"னு நான் சொன்னேன். கம்பி வழியா மாத்திரையை நீட்டினேன், இவர் தண்ணி குடிச்சு முழுங்கினாரு. இறங்குச்சு. எனக்குப் பெருமையா இருந்துச்சா, ஆத்திரமா இருந்துச்சான்னு கேட்டா ரெண்டும்தான். கண்ணு வேற நிக்காம ஊத்துது.

அப்பதான் அந்தப் பிக்பாக்கெட் பஞ்சை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு எல்லாரையும் ஒரு சுத்து பார்த்தான்.

"சார், அப்ப எனக்கு?"

டாக்டர் கையில இருந்த குழாயைப் பார்த்தாரு. இன்ஸ்பெக்டர் ஃபேனைப் பார்த்தாரு. எங்க வீட்டுக்காரர் பெஞ்சுல போய் உட்கார்ந்து, நகர்ந்து அவனுக்கு இடம் விட்டு, "உட்காருப்பா, சொல்றேன்"னாரு.